ஜோலார்பேட்டை மாணவர்கள் புத்தகம் வாங்க எங்கே போகலாம்? சென்னை ரயிலா, பெங்களூரு ரயிலா?

2019 ஜூலையில் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, 50 வேகன்களில் காவிரித் தண்ணீரை ஏற்றி அனுப்பிய ஊர் ஜோலார்பேட்டை. அதே ஊரில் பி.ஏ. தமிழோ பி.எஸ்சி. இயற்பியலோ படிக்கும் ஒருவருக்கு, பாடத்திட்டத்தில் உள்ள நூல் வேண்டுமென்றால் நிலைமை தலைகீழ். அவர்தான் ரயில் ஏறணும்.

ரயில் வசதிக்குக் குறைவில்லை. சென்னை, பெங்களூரு, சேலம் என மூன்று பக்கமும் பாதை பிரியும் சந்திப்பு இது. காட்பாடி சுமார் 85 கி.மீ., பெங்களூரு சுமார் 145 கி.மீ., சென்னை சுமார் 215 கி.மீ. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் அப்பா, அம்மா வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு நாள் பயணம், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் புத்தக விலையைத் தாண்டிவிடும். எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பக்கம் போகணும், எதற்குப் போகவே வேண்டாம் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே இருக்கு?

திருப்பத்தூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 2002-ல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வேலூரை அடுத்த சேர்க்காட்டில், நகரத்துக்கு வெளியே இருக்கிறது. பல்கலைக்கழக வாசலைச் சுற்றிப் புத்தகக் கடைத் தெரு உருவாகும் கதை இங்கே நடக்கவில்லை. வேலூர் நகரத்திலும் திருப்பத்தூரிலும் உள்ள கடைகளில் கைடு, வினா-விடை, டி.என்.பி.எஸ்.சி. புத்தகங்கள் கிடைக்கும். பார்வை நூல் என்று பாடத்திட்டத்தின் கடைசியில் போட்டிருப்பார்களே, அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் சிக்கல் தொடங்கும்.

பைசா செலவில்லாமல் எவை கிடைக்கும்?

முதலில் பள்ளிப் பாடநூல்கள். போட்டித் தேர்வுக்கு 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான புத்தகங்களைத் தேடி அலைபவர்கள் நிறைய. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் இவை பி.டி.எஃப். வடிவில் இலவசம். அச்சு நூலாக வேண்டுமென்றால் அங்கேயே ஆர்டரும் செய்யலாம். பழைய புத்தகம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: 2018-19 கல்வியாண்டு முதல் புதிய பாடத்திட்டம் படிப்படியாக வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்தை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது லாபம் இல்லை.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு இன்னும் வசதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்களின் மூலம் கிடைக்கிறது. ஆனால் மூலம் மட்டும் போதாது, உரை வேணும். அகநானூற்றை உரை இல்லாமல் செல்போனில் வாசித்து செமஸ்டர் எழுதுவது நடக்கிற காரியமில்லை. எனவே உரை நூலுக்கு மட்டும் காசை ஒதுக்கலாம்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் ஒரே நூலுக்குப் பல பதிப்புகள், பல விலைகள் இருக்கும். மலிவு விலைப் பதிப்புகளில் அச்சுப்பிழையும் மலிந்திருப்பதுண்டு. இரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்தப் புத்தகத்துக்கு சென்னை ரயில்?

தமிழ் நூல்கள் வேண்டுமென்றால் யோசிக்க வேண்டியதே இல்லை, சென்னைதான். ஜோலார்பேட்டையில் அதிகாலை கிளம்பி மாலையில் சென்னையில் இருந்து திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் இதற்காகவே விட்ட மாதிரி இருக்கும். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் ஏறினால், எல்.ஐ.சி. நிலையத்துக்குப் பக்கத்தில், அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ். 1844-ல் தொடங்கிய கடை. அதே பாதையில் தேனாம்பேட்டையில் இறங்கினால் சாகித்ய அகாதெமி அலுவலகமும் பாரதி புத்தகாலயமும் உள்ளன. மு.வ.வின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ சாகித்ய அகாதெமி வெளியீடு. தமிழ் மாணவர் வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம், விலையும் கையைக் கடிக்காது. தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் எம்.ஏ., பிஎச்.டி. மாணவர்களுக்குத் தேவைப்படும்.

பழைய புத்தகம் என்றதும் வீட்டில் பெரியவர்கள் ‘மூர் மார்க்கெட் போ’ என்பார்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் சந்தை 1985 தீ விபத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் கட்டப்பட்ட புறநகர் ரயில் முனையத்துக்குத்தான் இப்போது மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். அங்கே டிக்கெட் கவுன்ட்டர்தான் இருக்கும், புத்தகம் இருக்காது. சந்தை வியாபாரிகளுக்கு மாற்றிடம் தரப்பட்டது ரிப்பன் மாளிகைக்குப் பின்புறமுள்ள அல்லிக்குளம் வளாகத்தில். இன்னொரு பக்கம், திருவல்லிக்கேணி பாரதி சாலை, அதாவது பழைய பைகிராப்ட்ஸ் சாலை, நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர் போனது. மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் விற்றுவிட்டுப் போகும் புத்தகங்கள்தான் இங்கே சரக்கு. பேரம் பேசலாம், பேசணும்.

அவசரம் இல்லையென்றால் ஜனவரி வரை காத்திருங்கள். பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும்போது, மெட்ரோவில் நந்தனம் நிலையத்தில் இறங்கினால் போதும். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் புத்தகத் திருவிழாக்கள் உண்டு. முக்கியப் பதிப்பகங்கள் அங்கேயே கடை போடுகின்றன.

பெங்களூரு எதற்கு?

ஆங்கிலம், பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கு தூரம் குறைவான பெங்களூருதான் வசதி. பாடப் புத்தகம், பழைய புத்தகம் என்றால் மெஜஸ்டிக் ரயில் நிலையத்திலிருந்து அதிக தூரமில்லாத அவென்யூ ரோடு. மெட்ரோவில் சிக்பேட்டை இறங்கி நடக்கலாம். ஆங்கில இலக்கியம், நாவல், வரலாறு என்றால் எம்.ஜி. ரோடு மெட்ரோவுக்குப் பக்கத்தில் சர்ச் ஸ்ட்ரீட். பிளாசம், புக்வோர்ம் இரண்டும் அங்கே நடக்கும் தூரத்தில் உள்ளன, பழைய புத்தகமும் புதியதும் கலந்து விற்பார்கள். தமிழ்ப் புத்தகத்தை நம்பி இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஜெராக்ஸ் எடுத்தால் தப்பா?

பெரும்பாலான மாணவர்கள் கடைசியில் போய் நிற்பது ஜெராக்ஸ் கடையில்தான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்குக் கொடுத்தது குற்றம் என்பது அவர்கள் வாதம். கற்பித்தல் தேவைக்காக நகல் எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது என்று 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2017-ல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. பாடத்துக்குத் தேவையான பகுதியை நகலெடுப்பது வேறு, முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்பது வேறு. இரண்டாவதற்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்காது.

தபாலில் வரவழைத்தால்?

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். தபால் செலவுதான் இப்போது தலைவலி. குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சல் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 150 ரூபாய் புத்தகம் ஒன்றை மட்டும் வரவழைப்பது கட்டுப்படியாகாது. வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பதிப்பகத்தில் ஆர்டர் கொடுத்தால் தபால் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று போனில் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் கல்லூரி சீனியர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் தேடும் புத்தகம் வாணியம்பாடியிலேயே யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கலாம்.