சித்தப்பா காதில் விழுந்த சங்கதி

ஜாஸ் கத்துக்கணும்னு ரெண்டு வருஷம் ஒரு பழைய கிளாரினெட்டோட மல்லுக்கட்டினேன். பன்னிரண்டு மேஜர் ஸ்கேல், பன்னிரண்டு மைனர் ஸ்கேல், எல்லாம் விரலில் ஏறிவிட்டது. "சரி, இப்போ உன் இஷ்டத்துக்கு வாசி" என்று யாராவது சொன்னால் மட்டும் கை அப்படியே நின்றுவிடும். இதெல்லாம் பிறவியிலேயே வரணும் போல என்று முடிவுகட்டி, வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

போன டிசம்பரில் கிளென்மார்கன் போனபோது ஏனோ அந்தப் பெட்டியையும் எடுத்துப் போயிருந்தேன். சித்தப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை, ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கு. சிங்காரா பவர்ஹவுஸுக்கு விஞ்ச் இறங்கும் ஊர் அது. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி வந்து தேயிலைத் தோட்டத்தை மறைத்துவிடும், அப்புறம் வெளியே போய்ச் செய்ய ஒண்ணும் இல்லை. பொழுது போகாமல் 'சக்தி சஹித கணபதிம்' வாசித்தேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு. முதலில் நேராக. அடுத்து, ஸ்வரத்தை மாற்றாமல் ஒவ்வொன்றையும் அரை அட்சரம் தாமதமாக. பிறகு, போய்ச் சேரவேண்டிய ஸ்வரத்துக்கு முன்னால் பக்கத்து ஸ்வரத்தை லேசாகத் தொட்டுவிட்டு. அடுப்படியிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா, நோட்டுஸ்வரத்துக்குப் போய் சங்கதி போடுற?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பியதும் படிக்க ஆரம்பித்தேன்.

நோட்டுஸ்வரத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். முத்துஸ்வாமி தீட்சிதரின் (1775–1835) குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் கொஞ்ச காலம் இருந்தது. அப்போது ஜார்ஜ் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார் என்பார்கள். 'சந்ததம் பாஹிமாம்' கேட்டுப் பாருங்க, இங்கிலாந்தின் தேசிய கீதம் அப்படியே இருக்கும். சுப்பராம தீட்சிதர் இவற்றை ஸ்வரக் குறிப்போடு வெளியிட்டிருக்கிறார். எல்லாமே சங்கராபரணம், ஆனால் கமகம் கிடையாது. எழுதியபடியே மொட்டையாகப் பாடணும்.

தியாகராஜர் (1767–1847) அதே காலத்தவர். சங்கதி என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் அவருடையதுதான். 'சக்கனி ராஜ' பல்லவியை எடுத்துக்கோங்க. அதே சொற்கள், அதே தாள இடம், முடிவதும் அதே இடம்தான். நடுவில் போகிற வழி மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அகலமாகும். முதல் சங்கதி தெரியாமல் நாலாவதைப் பாட முடியாது, ஏன்னா அதன் மேல்தான் இது நிற்குது. பின்னால் வந்த வித்வான்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்தார்கள். எது அவருடையது, எது இவர்களுடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இன்றைக்கு நாம் மனப்பாடம் செய்கிற சங்கதிகளில் சில, என்றோ ஒரு கச்சேரியில் யாரோ ஒருவர் அந்த நிமிஷம் போட்டதாக இருக்கலாம் என்பது என் ஊகம். சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு மெட்டை அங்கேயே புதுசு புதுசாக விரிக்கிற நிரவல், இதற்கு அடுத்த படி.

நியூ ஆர்லியன்ஸிலும் ஏறக்குறைய இதேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாசித்தவர்களில் பலருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. சர்ச் பாட்டையும் பேண்டு மெட்டையும் காதால் பிடித்து, கொஞ்சம் அலங்கரித்து வாசித்தார்கள். அந்த ஊரில் வளர்ந்தவர்தான் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் 1931இல் பதிவுசெய்த 'ஸ்டார் டஸ்ட்' என்னை உலுக்கிவிட்டது. மூல மெட்டு ஏறி இறங்கித் தாவுகிற மெட்டு. இவர் அதன் முதல் வரியை ஏறத்தாழ ஒரே ஸ்வரத்தில் நிறுத்திப் பாடுகிறார், தாளத்தை மட்டும் முன்னே பின்னே இழுத்தபடி. அலங்காரம் என்றால் சேர்ப்பது என்று நினைத்திருந்தேன். இவர் நகையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டார்!

எட்டு வருஷம் கழித்து, 1939 அக்டோபரில், கோல்மன் ஹாக்கின்ஸ் சாக்ஸபோனில் 'பாடி அண்ட் சோல்' பதிவு செய்தார். முதல் சில அளவுகளில்தான் மெட்டு அடையாளம் தெரியும். அப்புறம் அடியில் ஓடுகிற கார்டுகள் மட்டுமே அவருக்கு வழித்துணை. நம் ஒற்றுமை இங்கே முடியுது. நமக்கு அடியில் கார்டு இல்லை, ராகம்தான் உண்டு. நான் ரெண்டு வருஷம் வீணடித்தது எதனால் என்பதும் இங்கேதான் புரிந்தது. 1931ஐத் தாண்டாமல் நேரே 1939இல் போய்க் குதிக்கப் பார்த்திருக்கிறேன்.

'டூயட்' படத்தில் நாம் கேட்ட சாக்ஸபோன்காரர் கத்ரி கோபால்நாத், நாகஸ்வரக்காரரின் மகன். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தானும் சேர்ந்து வாசிக்கிறேன் என்று மேடையேறினார். ராகமும் கார்டும் ஒரே மேடையில்.

பொங்கலுக்கு மறுபடி கிளென்மார்கன் போனேன். இந்தத் தடவை 'ஸ்டார் டஸ்ட்' வாசித்துக் காட்டினேன். சித்தப்பா மூன்று தடவை பொறுமையாகக் கேட்டார். "ரெண்டாவது சங்கதி சரியா உக்காரல, மறுபடி வாசி" என்றார்.