குளவியும் புழுவும்: பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய சிந்தனை வரலாறு

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நமது மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். குரு-சீட உறவை விளக்குதற்குச் சமயவாதிகளும் இவ்வுவமையைக் கையாண்டனர். உண்மையில் நிகழ்வது வேறு. குளவி புழுவைக் கொட்டி முடக்கித் தன் கூட்டினுள் வைத்து முட்டையிடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி அப்புழுவை உண்டு வளர்கின்றது. புழு குளவியாவதில்லை, குளவிக்கு இரையாகின்றது. எனினும், மாற்றம் புறத்திலிருந்து வருவதா, அகத்திலிருந்து எழுவதா என்னும் வினா இவ்வுவமையினுள் பொதிந்து கிடக்கின்றது. அறிவியல் வரலாற்றில் அவ்வினா பெற்ற விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1669இல் ஒல்லாந்தரான சுவாமர்டாம், கூட்டுப்புழுப் பருவத்தை அண்மிய மயிர்க்கொட்டியின் தோலின்கீழ் வண்ணத்துப்பூச்சியின் உறுப்புகள் மடிந்து கிடப்பதைக் கண்டார். அவதானிப்புச் சரியானது. ஆனால் அது, எல்லா உயிர்களும் படைப்பின்போதே முழுமையாக அமைக்கப்பட்டுவிட்டன என்னும் முன்னமைவுக் கொள்கைக்கு அரணாக்கப்பட்டது. இக்கொள்கையில் வளர்ச்சி என்பது வெறும் விரிதலே. புதியது தோன்றுவதற்கு அங்கு இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டு இவ்விடையைத் தகர்த்தது. உரிய காலத்துக்கு முன்னர் மூளையை அகற்றினால் மயிர்க்கொட்டி கூட்டுப்புழுவாவதில்லை எனப் போலந்து அறிஞர் கொப்பெச் 1922இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். 1954இல் பூட்டெனான்டும் கார்ல்சனும் 500 கிலோகிராம் பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் என்னும் ஓமோனைப் பிரித்தெடுத்தனர். 1960இல் கிளேவரும் கார்ல்சனும் அதனைக் குடம்பியினுள் செலுத்தியபோது, நிறமூர்த்தங்களின் குறித்த சில இடங்கள் வீங்கித் தொழிற்படத் தொடங்கின. புழுவிலும் பூச்சியிலும் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றே. எவை எப்போது இயங்குகின்றன என்பதே வேறுபடுகின்றது.

இவ்வியக்கத்தை ஆராயும் துறைக்கு 1942இல் வாடிங்டன் எபிஜெனெற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். 1956இல் அவர் வெளியிட்ட பரிசோதனையில், ஈதர் ஆவிக்கு உட்படுத்தப்பட்ட முட்டைகளிலிருந்து பிறந்த பழ ஈக்கள் சிலவற்றில் நெஞ்சறையின் ஒரு பகுதி இரட்டித்த வடிவம் தோன்றியது. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தபோது, ஈற்றில் ஈதர் இன்றியே அவ்வடிவம் தோன்றலாயிற்று. சூழல் புதிய பரம்பரையலகைப் படைக்கவில்லை. மறைந்திருந்த வேறுபாடுகளை வெளிக்கொணர்ந்தது, தெரிவு அவற்றை ஒன்றுசேர்த்தது என்பதே அவர் தந்த விளக்கம்.

இவ்விடத்தில் நமது முகாமின் தவறொன்றைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. 1948 ஆகஸ்டில் லைசெங்கோவின் கோட்பாடு சோவியத் நாட்டின் அதிகாரபூர்வக் கோட்பாடாயிற்று. பரம்பரையலகு முதலாளித்துவக் கற்பனை எனத் தள்ளப்பட்டது. அதற்கு முன்னரே, 1943இல், வவிலோவ் சரத்தோவ் சிறையில் மாண்டிருந்தார். இயக்கவியலின் பெயரால் அரங்கேறிய இது, சாராம்சத்தில் குளவிக் கதையே: புறத்தே கொட்டினாற் போதும், அகம் மாறிவிடும்!

எபிஜெனெற்றிக்ஸ் லைசெங்கோவை மீட்டுவிட்டது என இன்று கூறுவோர் உளர். தேனீ அவர்களுக்கு விடையளிக்கின்றது. சிறப்புணவைத் தொடர்ந்து பெறும் பெண் குடம்பி இராணியாகின்றது, ஏனையவை வேலைக்காரிகளாகின்றன. 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர், டி.என்.ஏயில் மெதைல் கூட்டங்களைச் சேர்க்கும் நொதியம் ஒன்றினை அடக்கியபோது, அவ்வுணவின்றியே குடம்பிகளிற் பெரும்பாலானவை இராணிகளாயின. ஆயினும் இராணியின் முட்டை இராணியாகவே பிறப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் உணவே மீண்டும் அதனைத் தீர்மானிக்கின்றது. பழ ஈயிலோ அந்நொதியமே இல்லை. அங்கு வேறு பொறிமுறைகள் தொழிற்படுகின்றன.

புறநிலை, அகமுரண்பாட்டின் ஊடாகவே செயற்படுகின்றது. அகம், புறநிலையின்றி வெளிப்படுவதில்லை. இம்முடிபு ஆய்வுகூடத்திற் பெறப்பட்டது, மேடையிலன்று. பொருள்முதல்வாதிக்கு அவ்வேறுபாடு உயிர்நாடியாகும்.