இந்தியாவில் எண்ணிம வானொலி

எண்ணிம வானொலி என்பது ஒலியை எண்களாக மாற்றி வானலைகளில் ஏற்றி அனுப்பும் ஒலிபரப்பு முறையாகும். இந்தியாவில் அகில இந்திய வானொலி தனது மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்புகளுக்கு டிஜிட்டல் ரேடியோ மாண்டியல் (டி.ஆர்.எம்.) என்னும் முறையைத் தேர்ந்தெடுத்தது.

பின்னணி

சென்னை வானொலி நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. மத்திய அலை தரையை ஒட்டி நெடுந்தொலைவு செல்லக்கூடியது. இதனால் திருச்சி நிலையத்தின் நிகழ்ச்சிகள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கறம்பக்குடி போன்ற ஊர்களையும் எட்டின. 1977இல் சென்னையில் வந்த பண்பலை தெளிவாக ஒலித்தாலும், அது எட்டும் பரப்பு குறைவு.

டி.ஆர்.எம். அறிமுகம்

டி.ஆர்.எம். கூட்டமைப்பு 1998இல் உருவானது. அகில இந்திய வானொலி 2009இல் தில்லியிலிருந்து இம்முறையில் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் சென்னை உட்பட நாடெங்கும் சுமார் 35 மத்திய அலை ஒலிபரப்பிகள் இம்முறைக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டன. இம்முறையில் ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை அனுப்பலாம், மின்செலவும் குறையும். பேரிடர் எச்சரிக்கையை எழுத்து வடிவிலும் காட்டலாம்.

வானொலிப் பெட்டிச் சிக்கல்

ஒலிபரப்பிகள் வந்த வேகத்தில் வானொலிப் பெட்டிகள் வரவில்லை. புதிய கார்கள் பலவற்றில் இவ்வசதி இடம்பெற்றது. ஆனால் தனியாக விற்கப்பட்ட பெட்டிகள் சிலவே. அவற்றின் விலை சாதாரண டிரான்சிஸ்டரைப் போலப் பல மடங்கு. வாங்குவோர் இல்லாததால் தயாரிப்போர் தயங்கினர். பெட்டி கிடைக்காததால் வாங்குவோரும் பெருகவில்லை. மேலும், அலை வலுவிழந்தால் பழைய பெட்டியில் இரைச்சலுக்கு நடுவே பேச்சு கேட்கும். எண்ணிமப் பெட்டியோ அடியோடு ஓய்ந்துவிடும்.

நார்வே 2017இல் தேசியப் பண்பலை ஒலிபரப்பை நிறுத்தி எண்ணிம முறைக்கு மாறியது. அதற்கு முன், வானொலி கேட்போரில் பாதிப்பேராவது நாள்தோறும் எண்ணிம வழியில் கேட்க வேண்டும் என்று அந்நாடு நிபந்தனை விதித்திருந்தது. அதாவது, அங்கே கேட்போரின் நிலையைப் பார்த்த பிறகே பழைய முறை கைவிடப்பட்டது.

சிற்றூர்களுக்கான முக்கியத்துவம்

2018 நவம்பர் 16 அன்று கசா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன; கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. இத்தகைய வேளையில், தொலைவிலுள்ள நிலையத்தின் செய்தியை மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி கொண்டுவந்து சேர்க்கும். காரில் மட்டும் எண்ணிம வானொலி இருந்தால் கார் இல்லாத வீட்டுக்கு அது பயன்படாது. எனவே, மலிவான எண்ணிமப் பெட்டிகள் சிற்றூர்க் கடைகளுக்கு வந்து சேரும்வரை பழைய மத்திய அலை ஒலிபரப்பும் தொடர்வது இன்றியமையாதது.