டெலிட் செய்த ஃபைல் எங்கே போகிறது? விண்டோஸ் 'ஃபைல் எக்ஸ்ப்ளோரர்' செயல்படுவது எப்படி?

பென் டிரைவில் இடம் இல்லையென்று பழைய போட்டோக்களை டெலிட் செய்கிறீர்கள். 'ரீசைக்கிள் பின்'ல இருக்கும், அப்புறம் எடுத்துக்கலாம் என்று நினைத்து, தேடிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை! ஏன் இப்படி?

ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்றால் என்ன?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் மஞ்சள் நிற ஃபோல்டர் ஐகானை க்ளிக் செய்தால் திறப்பதுதான் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். விண்டோஸ் 95-ல் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரில் அறிமுகமானது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது பெயர் மாறியது.

கட் - பேஸ்ட் நேரம் ஏன் மாறுகிறது?

எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு ஒவ்வொரு டிரைவிலும் உண்டு. ஒரே டிரைவுக்குள் ஃபைலை மாற்றினால் பதிவேட்டில் முகவரி மட்டும்தான் மாறும். அதனால் பெரிய சினிமா ஃபைல்கூட நொடியில் இடம் மாறிவிடும். வேறு டிரைவுக்கு மாற்றினால் முழுசா காப்பி செய்து, பிறகு பழையதை நீக்க வேண்டும். அதனால்தான் நேரம் பிடிக்கிறது. பாதியில் பென் டிரைவைப் பிடுங்கிவிடாதீர்கள்.

டெலிட் செய்தால் என்ன நடக்கும்?

கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபைலை டெலிட் செய்தால், அது அதே டிரைவில் மறைந்திருக்கும் ரீசைக்கிள் பின் ஃபோல்டருக்குப் போகும். அதை காலி செய்யும்வரை டிரைவில் இடம் கூடாது. 'ரீஸ்டோர்' கொடுத்தால் ஃபைல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஆனால் பென் டிரைவ், மெமரி கார்டு, நெட்வொர்க் டிரைவ் ஆகியவற்றில் டெலிட் செய்தால் வழக்கமாக இந்த வசதி கிடையாது. 'ஷிஃப்ட்' பட்டனோடு சேர்த்து டெலிட் அழுத்தினாலும் இதே கதைதான்.

அப்போ ஃபைல் போச்சா?

உடனே பதற வேண்டாம். பதிவேட்டில் பெயர் நீங்கினாலும், அந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்படும்வரை தகவல் மிச்சமிருக்க வாய்ப்புண்டு. எனவே அந்த பென் டிரைவில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். மீட்டெடுக்கும் மென்பொருள் மூலம் முயன்று பார்க்கலாம். மீட்ட ஃபைல்களை வேறு டிரைவில் சேமிக்க வேண்டும். எஸ்எஸ்டி டிரைவ் என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. நீக்கிய தகவல்களை அது தானாகவே துடைத்துவிடும்.

டெலிட் செய்யும்போது 'நிரந்தரமாக நீக்கவா?' என்று விண்டோஸ் கேட்டால், அந்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்று அர்த்தம். அவசரத்தில் 'யெஸ்' கொடுக்காமல், ஒரு நொடி நிதானித்துப் பாருங்கள்!