எட்டு டாலரும் நாலு இலக்கமும்

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடமிருந்து ஃபோன். அடுத்த மாதம் பெரியம்மாவோடு நியூஜெர்சிக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். நடுவில் ஃபிராங்ஃபர்ட்டில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஆயிற்று. பணத்தை எப்படிக் கொண்டு போவது என்பதுதான் பாக்கி.

"டேய், கார்டெல்லாம் எனக்கு ஒத்து வராது. டாலரா மாத்திக் கொடுத்துடு. பனியன்ல உள்பாக்கெட் தைச்சுக்கிறேன்."

"மூவாயிரம் டாலரை நெஞ்சுல வச்சுக்கிட்டு வழி பூரா தூங்காம போவீங்களா பெரியப்பா?"

"நான் 1969-ல போனப்ப எட்டு டாலர்தான்டா. நிம்மதியா தூங்கினேன். அதை எவன் திருடப் போறான்?"

சிரித்து வைத்தேன். ஆனால் அவர் கேட்டதற்கு ஃபோனில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஊரை விட்டு பூனாவிலும் டெல்லியிலும் உட்கார்ந்திருக்கிற நமக்கு, ஊரில் இருக்கும் பெரியவர்களின் இந்த மாதிரி வேலைகளெல்லாம் ஃபோனிலேயேதான் நடக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பயணி கையில் பணம் எப்படிப் போயிற்று என்ற கதை தெரிந்தால், இன்று எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே புரியும்.

முதலில் அந்த எட்டு டாலர். அறுபதுகளில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பலரும் சொல்லும் கணக்கு இது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு ஒரு டாலருக்கு ஏழரை ரூபாய். ஆக எட்டு டாலர் என்றால் அறுபது ரூபாய்! நாட்டில் அன்னியச் செலாவணி அவ்வளவு தட்டுப்பாடு. இருந்த கொஞ்சமும் இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் உணவு தானியத்துக்கும் வேண்டியிருந்தது. 1947-ல் வந்த அன்னியச் செலாவணிச் சட்டம் 1973-ல் இன்னும் கடுமையானது. மீறினால் கிரிமினல் குற்றம். 1999-ல் இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த ஃபெமா சட்டம்தான் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. 2004-ல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், செலவழிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. 2015-ல் அது இரண்டரை லட்சம் டாலர் ஆயிற்று.

பெரியப்பா போன காலத்தில் கவலை, பணம் இல்லையே என்பது. அவர் சட்டைப் பையில் இருந்த உண்மையான சொத்து, நியூயார்க்கில் முதல் ராத்திரி தங்க வேண்டிய வீட்டின் அட்ரஸ் எழுதிய துண்டுச் சீட்டுதான். இப்போது கவலை வேறு. பணம் இருக்கிறது, தொலைந்துவிடுமோ என்பது. இந்த இரண்டாவது கவலைக்கு இருநூற்றைம்பது வருட வரலாறு உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவைச் சுற்றிய ஆங்கிலேயப் பணக்காரர்கள் தங்கக் காசு மூட்டையோடு கோச்சு வண்டியில் போனால் வழிப்பறிதான். 1772-ல் லண்டனில் ராபர்ட் ஹெரீஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்தது. லண்டனில் பணத்தைக் கட்டினால் அச்சடித்த நோட்டுகள் தருவார்கள். ஐரோப்பாவில் ஏறக்குறைய தொண்ணூறு ஊர்களில் அவற்றைக் கொடுத்து அந்தந்த ஊர்ப் பணம் வாங்கிக்கொள்ளலாம். இந்த வகை நோட்டோடு கூடவே ஓர் அறிமுகக் கடிதமும் உண்டு. அதில் பயணியின் மாதிரிக் கையெழுத்து இருக்கும். நோட்டைக் காட்டி, கடிதத்தைக் காட்டி, எதிரிலேயே கையெழுத்துப் போட்டால்தான் காசு. நோட்டையும் கடிதத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்பது அந்தக் காலத்துப் பயணிகளுக்குச் சொல்லப்பட்ட முதல் புத்திமதி.

இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை இரண்டு பாதியாக உடைத்துவிட்டார்கள். ஒரு பாதி மட்டும் திருடன் கையில் சிக்கினால் அது வெறும் காகிதம்.

(நமக்கும் இது புதிதல்ல. நகரத்தார்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் உண்டியல் எழுதித்தான் பெரும் தொகைகளைக் கடல் தாண்டி நகர்த்தினார்கள்.)

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1890 வாக்கில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பா போனார். கையில் வங்கிக் கடிதம் இருந்தும் பெரிய நகரங்களைத் தாண்டினால் காசு மாற்ற முடியவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கே இந்தக் கதி என்றால் சாதாரண பயணிக்கு என்ன ஆகும் என்று கடுப்போடு திரும்பினார். மார்செல்லஸ் பெர்ரி என்ற ஊழியரிடம் வேலையை ஒப்படைத்தார். 1891-ல் டிராவலர்ஸ் செக் வந்தது.

பெர்ரி செய்தது சின்ன வேலைதான். தனிக் கடிதத்தை எடுத்துவிட்டு, ஒரே தாளில் இரண்டு கையெழுத்துக்கு இடம் வைத்தார். வாங்கும்போது ஒன்று, மாற்றும்போது கடைக்காரர் கண்ணெதிரே இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் பணம். தொலைந்தால், திருடு போனால், கம்பெனி திருப்பித் தரும். கம்பெனிக்கு என்ன லாபம்? நீங்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிடுகிறீர்கள், செக்கை மாற்றும்வரை அந்தப் பணம் அவர்களிடம் வட்டிக்கு உழைக்கும் :-)

1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஐரோப்பிய வங்கிகள் பல கதவைச் சாத்தின. அங்கே மாட்டிக்கொண்ட அமெரிக்கப் பயணிகளுக்கு அந்த கம்பெனியின் அலுவலகங்கள் தொடர்ந்து பணம் கொடுத்தன. டிராவலர்ஸ் செக்குக்குப் பெயர் நிலைத்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். 2001-ல் முதன்முறை ஆன்சைட் போனபோது ஆபீசில் டிராவலர்ஸ் செக் கொடுத்தார்கள். மேலே கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். விமானத்தில் தூக்கம் வரவில்லை. அங்கே போய் நேரத்தை வீணாக்குவானேன் என்று, கீழேயும் எல்லாத் தாளிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன்! இறங்கிய ஊரில் கவுண்டரில் இருந்த அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பித் தள்ளிவிட்டார். கூட வந்த சீனியர் ஒரு வாரம் சாப்பாடு போட்டார். அந்தத் தாள்கள் வழியில் தொலைந்திருந்தால், எடுத்தவனுக்கு என் கையெழுத்தைப் பழகும் சிரமம்கூட இருந்திருக்காது. இரண்டு பாதியையும் நானே ஒட்டி வைத்துவிட்டேனே!

சரி, ஏடிஎம்முக்கு வருவோம். 1967 ஜூன் 27 அன்று லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டில், பார்க்ளேஸ் வங்கி வாசலில் முதல் இயந்திரம் வந்தது. செய்தவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். மனுஷர் பிறந்தது நம்ம ஷில்லாங்கில், 1925-ல்! வங்கி மூடிய பிறகு போய்ப் பணம் எடுக்க முடியாமல் திரும்பினாராம். காசு போட்டால் சாக்லேட் தருகிற இயந்திரம் மாதிரி பணம் தர ஒன்று வேண்டும் என்று குளியல் தொட்டியில் இருக்கும்போது தோன்றியதாம். அவரே சொன்னது. அந்த இயந்திரத்துக்கு பிளாஸ்டிக் கார்டு கிடையாது. லேசான கதிரியக்கம் உள்ள கார்பன்-14 தடவிய காகிதச் செக்கை உள்ளே போட்டு, ரகசிய எண்ணை அமுக்கினால் பத்து பவுண்டு வரும்.

அந்த எண்ணை ஆறு இலக்கமாக வைக்கத்தான் நினைத்திருந்தார். மனைவி கரோலினிடம் சமையலறை மேஜையில் கேட்டபோது, என்னால் நாலு இலக்கம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றாராம். உலகத்தின் பெரும்பகுதி இன்றும் நாலு இலக்கம்தான். (ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குட்ஃபெலோ ரகசிய எண் முறைக்கு 1966-லேயே காப்புரிமை கேட்டிருந்தார். யார் முதல் என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது.) இந்தியாவுக்கு ஏடிஎம் 1987-ல் மும்பையில் வந்தது.

இங்கேயும் அதே இரண்டு பாதிதான். ஒன்று கையில், ஒன்று மண்டைக்குள். ஆனால் கையில் இருந்த பாதி பலவீனமானது. கார்டின் பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டை ஒரு டேப் கேசட் மாதிரிதான். படிக்கத் தெரிந்தால் நகல் எடுக்கவும் தெரியும். ஏடிஎம் வாயில் ஒரு போலிக் கருவி, மேலே சின்ன கேமரா. பட்டையும் எண்ணும் ஒரே நேரத்தில் போய்விடும். அதனால்தான் சிப் வந்தது. சிப் ஒவ்வொரு முறையும் புதிய ரகசியக் குறியீடு ஒன்றை உண்டாக்கும். நேற்றையதைத் திருடினால் இன்றைக்கு உதவாது. பிரான்சில் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே பரவிவிட்டது. அமெரிக்கா 2015-ல்தான் மும்முரமாக மாறியது. இந்தியாவில் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 முடிவுக்குள் மாற்றச் சொன்னார்கள்.

இத்தனையும் சொன்னது பெரியப்பாவுக்காக. கதையில் எங்கேயும் பணம் போனது, இரண்டு பாதியும் ஒரே இடத்தில் சேர்ந்தபோதுதான். அவருக்கு எழுதி அனுப்பியது இதுதான்:

ரொக்கமாக முந்நூறு, நானூறு டாலர் போதும், சின்ன நோட்டுகளாக. பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு நோட்டாக மூவாயிரம் டாலர் வரைதான் வாங்க முடியும். மீதிக்கு டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. இன்னொரு கார்டு பெரியம்மாவின் பையில். ஒரு பை போனாலும் இன்னொன்று இருக்கும்.

2020 அக்டோபர் முதல் நம் வங்கிகள் கொடுக்கும் கார்டுகள் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது. ஆப்பில் நாம்தான் திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன் திறந்து, ஒரு நாள் வரம்பும் வைத்துவிடுங்கள். திரும்பியதும் மூடிவிடுங்கள்.

ஏடிஎம் என்றால் வங்கிக் கட்டிடத்துக்குள் இருப்பது. எண் அமுக்கும்போது இன்னொரு கையால் மறைப்பு. ரூபாயில் கணக்கு காட்டட்டுமா என்று திரையில் கேட்கும். வேண்டாம், டாலரே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் போடும் ரேட்டில் நமக்குத்தான் நஷ்டம்.

நாம் இங்கே ஓடிபி பழகிவிட்டோம். பல வெளிநாட்டு இணையதளங்கள் அது கேட்காமலே கார்டு எண்ணை மட்டும் வைத்துப் பணம் எடுத்துவிடும். அதனால் எஸ்.எம்.எஸ். வரும் இந்திய சிம் உயிரோடு இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத எஸ்.எம்.எஸ். வந்தால் உடனே வங்கிக்கு ஃபோன். உங்கள் தவறு இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களுடையதல்ல என்று 2017-ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. எண்ணை நாமே கொடுத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வங்கியின் நம்பரை கார்டின் பின்னால் மட்டும் நம்பாமல் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். கார்டே போய்விட்டால் நம்பரும் கூடவே போய்விடும்.

எல்லாம் படித்துவிட்டு நேற்று வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். புது ஃபாரெக்ஸ் கார்டு, அதன் காகித உறை. உறை மேல் பால் பாயிண்ட் பேனாவில் பெரிய பெரிய நாலு இலக்கங்கள். கீழே, "ரெடி."

உடனே ஃபோன் போட்டேன்.

"மறந்துடுதுடா, அதான் எழுதினேன்."

2001 கதையைச் சொன்னேன். கவுண்டர் அம்மா, சீனியர் போட்ட சாப்பாடு, எல்லாம். ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் உறை கிழிபடும் சத்தம் கேட்டது.

"சரி, நம்பரை மாத்திடறேன். புது நம்பரை உன்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

"எனக்கும் வேண்டாம் பெரியப்பா."