முக்கால் என்னும் வரம்பு: ஹாஷ் அட்டவணைகளின் சுமைக் காரணி யார் கையில் இருக்க வேண்டும்?

ஜாவாவின் ஹாஷ்மேப்புக்கு இயல்பான சுமைக் காரணி, அதாவது உறுப்புகள் அறைகளின் எண்ணிக்கையில் எந்த விகிதத்தைத் தாண்டினால் அட்டவணை பெரிதாக வேண்டும் என்னும் வரம்பு, 0.75. சி++ மொழியின் அன்ஆர்டர்டு மேப்புக்கு 1.0. பைதானின் டிக்ட் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் பெரிதாகிறது. ரஸ்ட்டின் ஹாஷ்மேப் எட்டில் ஏழு பங்கு வரை பொறுக்கிறது. இந்த எண்களை வரிசையில் நிறுத்தி எது சிக்கனம் என்று கேட்பதில் பொருளில்லை என்பதும், இவற்றுள் எதையும் நிரலரிடம் ஒப்படைத்திருக்க வேண்டியதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஒரே அறையில் மோதும் உறுப்புகளைப் பட்டியலாகக் கோத்துவைக்கும் அமைப்பில், இல்லாத ஒன்றைத் தேடும்போது சராசரியாகச் சுமைக் காரணி அளவுக்கே உறுப்புகளைப் பார்க்க நேரும். 0.75க்கும் 1.0க்கும் இடையே உள்ளது கால் உறுப்பு வேறுபாடுதான். அடுத்தடுத்த அறைகளில் இடம் தேடும் நேர்வரிசை முறை அப்படியன்று. 1960களின் தொடக்கத்தில் டொனால்ட் கனூத் கண்ட சூத்திரப்படி, பாதி நிரம்பிய பெரிய அட்டவணையில் அதே தேடலுக்கு 2.5 சோதனைகள் போதும்; முக்கால் நிரம்பினால் 8.5, 90 விழுக்காட்டில் 50.5. அப்படியிருந்தும் ரஸ்ட் எட்டில் ஏழு வரை போக முடிவதற்குக் காரணம், ஒவ்வோர் அறைக்கும் ஹாஷின் 7 பிட்டுகளைத் தனி பைட்டில் வைத்து, ஒரே வீச்சில் பல பைட்டுகளை ஒப்பிட்டுவிடுவது. எண்ணுக்குப் பொருள் தருவது அமைப்புதான்.

ஜாவா ஆவணம் 0.75ஐ நேரத்துக்கும் இடத்துக்கும் இடையிலான நல்ல சமரசம் என்கிறது. இடம் பற்றிய பாதி எனக்கு ஏற்புடையதாக இல்லை. வழக்கமான 64 பிட் ஜாவாவில் ஓர் உறுப்பின் கணு 32 பைட். அறை வெறும் 4 பைட். காரணியை 1.0 ஆக்கினால், மிக அதிகமாக மிச்சமாகும் தருணத்திலும் உறுப்புக்கு 5 பைட் சொச்சம்தான். தவிரவும், 0.75 உச்சவரம்பே ஒழிய நடப்பு நிலை அல்ல. அட்டவணை இரட்டித்ததும் நிரப்பு 0.375க்கு இறங்குகிறது. ஹாஷ்மேப்பின் மூலநிரல் குறிப்பே சராசரியை ஏறத்தாழ 0.5 என்று கொண்டு, ஓர் அறையில் 8 உறுப்புகள் சேரும் வாய்ப்பு 10 கோடியில் 6 என்று கணக்கிடுகிறது. அந்த அபூர்வ நிலைக்கும் 2014-இல் வந்த ஜாவா 8 மரவடிவம் கொடுத்துவிட்டது.

இந்த எண்ணை வெளியே விட்டதன் விலையை நிரலர்கள் கொடுத்தார்கள். 100 உறுப்புகளுக்கென்று 100 எனக் கொள்ளளவு கொடுத்தால், ஜாவா 128 அறைகள் அமைக்கும், வரம்பு 96, 97ஆவது உறுப்பில் அட்டவணை முழுவதும் மறுபடி அடுக்கப்படும். எதிர்பார்க்கும் உறுப்புகளின் எண்ணிக்கையையே ஏற்கும் நியூஹாஷ்மேப் என்னும் செயற்கூறு 2022-இல், ஜாவா 19-இல்தான் வந்தது.

நினைவகம் நெருக்கடியான இடங்களில் காரணியை மாற்ற வேண்டாமா என்று கேட்கலாம். மேலே கண்ட கணக்கின்படி, அங்கே மாற்ற வேண்டியது 32 பைட் கணுவை, அதாவது அமைப்பையே. புதிய மொழிக்கு நூலகம் எழுதுவோர் எத்தனை உறுப்புகள் வரும் என்று மட்டும் பயனரிடம் கேட்கட்டும். காரணியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும்.