எட்மண்ட் ஹாமில்டன் சியர்ஸ்

எட்மண்ட் ஹாமில்டன் சியர்ஸ் (1810–1876) அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த யூனிட்டேரியன் போதகர், சமய நூலாசிரியர், பாடலாசிரியர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிற்றூர்ச் சபைகளிலேயே கழித்த இவரை உலகம் நினைவில் வைத்திருப்பது கிறிஸ்து பிறப்பைப் பற்றி எழுதிய இரண்டு பாடல்களுக்காக. முதலாவது 1834-இலும் இரண்டாவது 1849-இலும் அச்சேறின. ‘இட் கேம் அப்பான் த மிட்நைட் கிளியர்’ எனத் தொடங்கும் இரண்டாவது பாடல் இன்று பல சபைப் பிரிவினருக்கும் பொதுவான கிறிஸ்துமஸ் பாடல். தமிழ்ச் சபைகள் ‘பாமாலை’ என்ற பாட்டுப் புத்தகத்திலிருந்து ‘நள்ளிரவில் மா தெளிவாய்’ என்று பாடுவதும் இதுவே. அமெரிக்காவில் எழுந்த கிறிஸ்து பிறப்புப் பாடல்களுள், போரால் அலைக்கழியும் மனிதரை நேரடியாக விளித்துப் பேசியவற்றில் இது முதன்மையானது.

இளமையும் கல்வியும்

சியர்ஸ் 1810 ஏப்ரல் 6 அன்று மேற்கு மாசசூசெட்ஸின் பெர்க்‌ஷயர் மலைப்பகுதியிலுள்ள சாண்டிஸ்ஃபீல்டில் பிறந்தார். பெற்றோர் ஜோசப் சியர்ஸ், லூசி. மூன்று மகன்களில் இவரே இளையவர். நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரிலிருந்த யூனியன் கல்லூரியில் பயின்று 1834-இல் பட்டம் பெற்றார். சிறிது காலம் சட்டம் படித்தார்; பின்னர் வெர்மான்ட் மாநிலத்தின் பிராட்டில்பரோவில் ஆசிரியராக இருந்தார். அங்கே ஆடிசன் பிரவுன் என்ற போதகரிடம் இறையியலைக் கற்கத் தொடங்கி, ஹார்வர்டு இறையியல் கல்லூரியில் சேர்ந்து 1837-இல் படிப்பை முடித்தார்.

அந்தக் காலத்தில் ஹார்வர்டு யூனிட்டேரியன் சிந்தனையின் தலைமையிடமாக விளங்கியது. கடவுள் ஒருவரே, அவரில் மூன்று ஆள்கள் இல்லை என்பது யூனிட்டேரியன்களின் அடிப்படைக் கொள்கை. திரித்துவத்தை ஏற்காத இவர்கள் பகுத்தறிவுக்கும் மனச்சாட்சிக்கும் நல்லொழுக்கத்துக்கும் முதலிடம் தந்தார்கள். வில்லியம் எல்லரி சானிங் 1819-இல் பால்டிமோரில் ஆற்றிய பேருரை இயக்கத்துக்குத் தெளிவான உருவம் கொடுத்தது. 1825-இல் அமெரிக்க யூனிட்டேரியன் சங்கம் பாஸ்டனில் நிறுவப்பட்டது. சியர்ஸ் படிப்பை முடித்த மறு ஆண்டு, 1838-இல், ரால்ஃப் வால்டோ எமர்சன் அதே இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரை இயக்கத்தை உள்ளிருந்தே உலுக்கியது. இத்தகைய விவாதங்களின் நடுவே உருவான தலைமுறையைச் சேர்ந்தவர் சியர்ஸ்.

போதகர் பணி

தொடக்கத்தில் யூனிட்டேரியன் சங்கத்தின் சார்பில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோவில் சில காலம் ஊழியம் செய்தார். 1839-இல் பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள வேலண்ட் என்ற வேளாண் சிற்றூரின் சபைக்குப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் எலன் பேக்கனை மணந்தார். குடும்பத்தின் தேவை கூடியதால் 1840-இல் லங்காஸ்டரிலிருந்த பெரிய சபைக்கு மாறினார். அங்கே ஏழு ஆண்டுகள் உழைத்ததில் உடல்நலம் குன்றியது, மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. பொறுப்பை விட்டு வேலண்டுக்கே திரும்பி ஓய்வெடுத்தார். நலம் தேறியதும் அங்கேயே மீண்டும் போதகரானார். 1860-களின் நடுப்பகுதியில் அருகிலுள்ள வெஸ்டன் சபைக்குச் சென்றவர் இறுதிவரை அங்கே இருந்தார். 1859 முதல் 1871 வரை ரூஃபஸ் எல்லிஸுடன் இணைந்து ‘மன்த்லி ரிலிஜியஸ் மேகசின்’ என்ற சமய மாத இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

அடிமை முறையைச் சியர்ஸ் கடுமையாக எதிர்த்தார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1850-ஆம் ஆண்டுச் சட்டம் வடமாநில மக்களையும் கட்டாயப்படுத்தியபோது, மனிதச் சட்டம் இறைச் சட்டத்துக்கு மாறாக நிற்குமானால் இறைச் சட்டத்துக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பிரசங்க மேடையிலிருந்து போதித்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் லிடியா மரியா சைல்டும் 1850-களிலிருந்து வேலண்டில்தான் வாழ்ந்தார்.

சமயக் கருத்துகள்

யூனிட்டேரியன் சபைகளில் பணியாற்றினாலும் சியர்ஸின் நம்பிக்கை அந்த இயக்கத்தின் பொதுப்போக்கிலிருந்து விலகியிருந்தது. சுவீடனின் இறையியலாளர் இம்மானுவேல் சுவீடன்போர்கின் எழுத்துகள் அவரை ஆழமாகப் பாதித்தன. கிறிஸ்துவின் இறைத்தன்மையை நம்புவதாகவும் அதையே போதிப்பதாகவும் அவர் வெளிப்படையாக அறிவித்தார். அவரது பாடல்களைத் திரித்துவச் சபைகள் தயக்கமின்றி ஏற்றதற்கு இந்த நம்பிக்கையும் துணைசெய்தது.

அகவாழ்வின் மறுபிறப்பைப் பற்றிய ‘ரீஜெனரேஷன்’, மறுமை வாழ்வைப் பற்றிய ‘அத்தனேஷியா’, யோவான் நற்செய்தியை ஆராய்ந்து 1872-இல் வெளியிட்ட ‘த ஃபோர்த் காஸ்பல், த ஹார்ட் ஆஃப் கிரைஸ்ட்’ ஆகியவை அவரது முக்கிய நூல்கள். இவற்றுள் கடைசி நூல் அவர் காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது. நான்காம் நற்செய்தியின் நம்பகத்தன்மையை ஐரோப்பிய விவிலிய ஆய்வாளர்கள் ஐயுற்ற வேளையில், அதன் மதிப்பை நிலைநாட்டும் முயற்சியாக அதை எழுதினார். 1875-இல் பிரசங்கங்களையும் பாடல்களையும் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்.

முதல் பாடல்

‘காம் ஆன் த லிஸனிங் இயர் ஆஃப் நைட்’ என்ற பாடல் 1834-இல் ‘பாஸ்டன் அப்சர்வர்’ இதழில் வெளிவந்தது. அப்போது சியர்ஸுக்கு 24 வயது. தேவதூதரின் பாடல் யூதேயாவின் வெளிகளில் கேட்பதையும், பாலஸ்தீனத்தின் குன்றுகளும் நீர்ப்பரப்பும் மரச்சோலைகளும் அதற்கு மறுமொழி தருவதையும் பாடல் வருணிக்கிறது. காட்சி முழுவதும் முதல் கிறிஸ்து பிறப்பின் இரவில், அந்த நிலத்தில் நிகழ்கிறது. பாட்டுக்கு எதிரொலி தருவது இயற்கை. கவிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இதை மிக உயர்வாகப் பாராட்டினார்.

இரண்டாம் பாடல்

பதினைந்து ஆண்டுகள் கழித்து எழுதிய பாடலின் களம் முற்றிலும் வேறு. 1849 டிசம்பர் 29 அன்று பாஸ்டனிலிருந்து வந்த ‘கிறிஸ்டியன் ரெஜிஸ்டர்’ இதழில் அது வெளியானது. குவின்சி நகரின் போதகரும் சியர்ஸின் நண்பருமான வில்லியம் பார்சன்ஸ் லன்ட்டின் வேண்டுகோளுக்காக எழுதப்பட்டது என்பது மரபுச் செய்தி.

அந்த ஆண்டுகளின் நிலைமை பாடலில் பதிந்திருக்கிறது. 1846 முதல் 1848 வரை அமெரிக்கா மெக்சிகோவோடு போரிட்டுப் பரந்த நிலப்பரப்பைக் கைப்பற்றியது. இந்தப் போர் அடிமை முறையைப் புதிய நிலங்களுக்குப் பரப்பும் என்று, மாசசூசெட்ஸை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் பலர் எதிர்த்தனர். வேலண்டுக்கு அண்மையிலுள்ள கான்கார்டில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். 1848-இல் பாரிஸ், வியன்னா, பெர்லின் நகரங்களில் வெடித்த புரட்சிகள் அடுத்த ஆண்டுக்குள் ஒடுக்கப்பட்டன. நலிந்திருந்து மீண்ட ஒரு போதகர் இச்செய்திகளின் நடுவே இப்பாடலை எழுதினார்.

பாடல் ஐந்து பத்திகள் கொண்டது. ஒவ்வொன்றிலும் எட்டு வரிகள். வரிகளின் அசைகள் எட்டும் ஆறுமாக மாறி மாறி வருவதால், நாட்டுப்புறக் கதைப்பாடலுக்கு உரிய எளிய நடை அதற்கு வாய்த்தது. பெத்லகேம், முன்னணை, குழந்தை எதுவும் பாடலில் இடம்பெறவில்லை. தேவதூதரின் சமாதானச் செய்தியே அதன் பொருள். அந்தப் பாட்டு அன்றோடு நின்றுவிடவில்லை, களைத்த உலகின்மேல் இன்னும் ஒலிக்கிறது என்கிறது இரண்டாம் பத்தி. போரிடும் மனிதர் தம் கூச்சலால் அதைக் கேளாமல் இருக்கிறார்கள் என்று மூன்றாம் பத்தி கண்டிக்கிறது. நான்காவது, வாழ்வின் சுமையால் குனிந்து நடப்பவர்களை நோக்கித் திரும்பி இளைப்பாறச் சொல்கிறது. ஐந்தாவது, பூமியெங்கும் சமாதானம் நிலவும் பொற்காலத்தை எதிர்நோக்குகிறது. அப்போது உலகம் முழுவதும் அந்தப் பாட்டைத் திருப்பிப் பாடும்.

இரண்டு பாடல்களையும் சேர்த்துப் படித்தால் சியர்ஸின் வளர்ச்சி புலப்படும். முதல் பாடலில் குன்றுகள் தந்த மறுமொழியை, இரண்டாவதில் மனிதரிடம் எதிர்பார்க்கிறார். குன்றுக்குக் கேட்டது மனிதருக்குக் கேட்கவில்லை என்ற வேதனைதான் ஓர் அழகிய இரவுக்காட்சியை அறைகூவலாக மாற்றியது.

இசை

பாஸ்டனில் பிறந்து ஜெர்மனியில் இசை பயின்ற ரிச்சர்ட் ஸ்டார்ஸ் வில்லிஸ் 1850-இல் வேறொரு பாடலுக்காக வெளியிட்ட மெட்டு பின்னர் ‘கேரல்’ என்ற பெயரில் சியர்ஸின் சொற்களோடு இணைந்தது. அமெரிக்காவில் இன்றும் அதுவே வழக்கு. பிரிட்டனில், மரபு மெட்டு ஒன்றை ஆர்தர் சல்லிவன் திருத்தி அமைத்து 1874-இல் வெளியிட்ட ‘நோயல்’ பாடப்படுகிறது. ‘கேரல்’ தாலாட்டைப் போல அசைந்து செல்லும். ‘நோயல்’ சபையார் ஒன்றாக நிமிர்ந்து பாட ஏற்றது.

இறுதிக்காலம்

1871-இல் யூனியன் கல்லூரி சியர்ஸுக்கு இறையியல் முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1873-இல் இங்கிலாந்து சென்றபோது அவரது பாடலை அறிந்த பலர் அவரை அன்போடு வரவேற்றனர். 1874-இல் மரத்திலிருந்து விழுந்து காயமுற்றார். அதிலிருந்து முழுமையாகத் தேறவில்லை. 1876 ஜனவரியில் வெஸ்டனில் காலமானார்.

மதிப்பீடு

கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே 17-ஆம் நூற்றாண்டில் சட்டத்தால் தடைசெய்திருந்த பகுதி மாசசூசெட்ஸ். 1850-களின் நடுவில்தான் அங்கே அது பொது விடுமுறையானது. பண்டிகையை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்ததில் யூனிட்டேரியன் சபைகளுக்குக் கணிசமான பங்குண்டு. சியர்ஸின் பாடல் அந்த மாற்றத்தின் நடுவே பிறந்தது.

பாடலில் இயேசுவின் பிறப்பு நேரடியாகப் பேசப்படவில்லை என்பது பழைய குறை. பாட்டுப் புத்தகத் தொகுப்பாளர்கள் சிலர் சொற்களை மாற்றினார்கள். பலர் போரைக் கண்டிக்கும் மூன்றாம் பத்தியை நீக்கிவிட்டார்கள். நீக்கினால் பாடல் இனிமையான இரவுக்காட்சியாகச் சுருங்கிவிடும். அடுத்த பத்தியின் ஆறுதலும் கடைசிப் பத்தியின் நம்பிக்கையும் எதற்கு விடையாக வந்தன என்பது தெரியாமல் போகும். சியர்ஸ் எழுதியது ஐந்து பத்திகளின் வரிசையில் நகரும் ஒரே வாதம். அதை முழுமையாகப் பாடும் சபையே, அவர் சொல்ல வந்ததை முழுமையாகக் கேட்கிறது.